அடெல்ஃபா வளர்த்த செல்கள்

மணிலாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசை அடெல்ஃபாவுடையது. பிடுங்கிய பல்லின் வேரில் ஒட்டியிருக்கும் ஜவ்வைச் சுரண்டி, அதிலுள்ள ஸ்டெம் செல்களைத் தட்டில் வளர்ப்பது எங்கள் பிழைப்பு. நல்ல தீனி போட்டால் அவை எலும்பாகும். ஈறு நோய்க் கிருமியின் நஞ்சைச் சொட்டுவிட்டால், எலும்பு வேலையைப் போட்டுவிட்டு வீக்கத்தைக் கூவி அழைக்கத் தொடங்கிவிடும். அடெல்ஃபா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே அவற்றைத் திட்டுவாள்.

"வீட்டைக் கட்டச் சொன்னா ஊரைக் கூட்டுறீங்களே, மடப்பசங்களா!"

அவள் கணவன் கிறிசாந்தோ புலாக்கான் பக்கம் சவாரி வண்டி ஓட்டுகிறான். அவனைக் கேட்டால் ட்ரம்பெட் ஊதுகிறவன் என்றுதான் சொல்வான். பெரிய வெள்ளிப் பவனியில், இறந்த இயேசுவின் சுரூபத்துக்குப் பின்னால் பேண்டு முழுக்க அடங்கி, ஒரு ட்ரம்பெட் மட்டும் அழுகிற இடம் வரும். அந்த இடம் அவனுடையது. அதற்காகத்தான் அவன் மீதி வருஷத்தையெல்லாம் ஓட்டினான்.

மேல் முன்பற்கள் மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தினால் பல் உள்ளே போய்விடுகிறதே! ஊதுவதுதான் வைத்தியம் என்று முடிவுகட்டி, முன்னைவிட அதிகமாக ஊதினான். வாத்தியக்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய முட்டாள்தனம். தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று பல் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டு, கொய்யா இலைத் தண்ணீரில் வாய் கொப்பளித்தான். ஒருநாள் பச்சை மாங்காயும் இறால் விழுதும் எதிரே இருக்க, அவன் வேண்டாம் என்றதும்தான் அடெல்ஃபாவுக்குச் சந்தேகம் வந்தது.

"வாயைத் திற."

"எதுக்கு? நீ என்ன டாக்டரா?"

"திறன்னு சொல்றேன்ல!"

மறுநாள் என்னிடம் வந்து, "அக்கா, பல்லு ஆடல. நீந்துது" என்றாள்.

எலும்பு கரைந்துவிட்டது, மேல் முன்பற்கள் நான்கையும் எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிறிசாந்தோ மனைவியைத்தான் பிடித்துக்கொண்டான்.

"தட்டுத் தட்டா வளக்கிறியே, அதுல கொஞ்சம் கொண்டாந்து என் ஈறுல வையேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"மனுஷ வாயில வைக்க எங்க இடத்துல யாரும் விடமாட்டாங்க. வெச்சாலும் உன் வாய் பூரா கிருமி. அங்க வந்தா அதுங்களும் கெட்டுப்போயிரும்."

"அப்ப இத்தனை வருஷமா என்னத்தத்தான் வளத்த?"

இதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

தவக்காலத்தில் பற்களைப் பிடுங்கினார்கள். நோய்ப்பட்ட பல் எங்கள் பேராசிரியருக்கு ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டது. கிறிசாந்தோ சந்தோஷமாகச் சம்மதித்தான். புருஷனின் பல் இருந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள் அடெல்ஃபா. அந்தச் செல்கள் வளர்ந்த வேகம் இருக்கிறதே, ஆரோக்கியமான பல்லின் செல்களெல்லாம் பின்தங்கிப் போயின. அவள் படம் எடுத்துப் புருஷனுக்கு அனுப்பினாள்.

"பாத்தியா, என் ரத்தம்! சும்மாவா? எலும்பாகட்டும், என் ஈறுலயே வெச்சுக்கலாம்!" என்று போனில் கத்தினான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நோயில் கிடந்த செல்கள் பெருகும், பெருகிக்கொண்டே இருக்கும். எலும்பு கட்டத்தான் வராது. அது அவளுக்கும் தெரியும். கிருமியிலிருந்து பிரித்து நல்ல தீனி போட்டால் பழைய புத்தி திரும்பாதா என்று ஆசைப்பட்டாள். ஆசைப்படாதே என்று நான் எந்த வாயால் சொல்வது?

பெரிய வெள்ளியன்று அவர்கள் ஊருக்குப் போனேன். பேண்டு மாஸ்டர் கிறிசாந்தோவின் கையில் பெரிய பித்தளைத் தாளத்தைக் கொடுத்து, "இதுக்கு வாய் வேணாம்பா, கை போதும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பவனியில் ட்ரம்பெட் அழுகிற அந்த இடம் வந்தது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் ஊதினான், நன்றாகவே ஊதினான். தாளத்தின் வாரைப் பிடித்திருந்த கிறிசாந்தோவின் மூன்று விரல்கள், ட்ரம்பெட்டின் மூன்று கட்டைகள் மேல் இருப்பதுபோல, ஒவ்வொரு சுரத்துக்கும் அழுந்தி அழுந்தி எழுந்தன. அடெல்ஃபா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஈஸ்டர் முடிந்து வேலைக்கு வந்ததும் சாயம் ஊற்றும் நாள். எலும்பு கட்டிய இடம் சிவக்கும். ஆனால் அதைப் பார்க்க முதலில் செல்களைக் கொல்லவேண்டும். வேறு வழி கிடையாது.

"அக்கா, நீங்களே ஊத்திடுங்க. என்னால ஆகாது."

ஊற்றினேன். கழுவினேன். ஆரோக்கியமான பல்லின் தட்டு செக்கச்செவேலென்று இருந்தது. கிறிசாந்தோவின் தட்டில் ஒரு பொட்டுகூட இல்லை. அடெல்ஃபா அதை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். நான் அதைக் கழிவுப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. கிறிசாந்தோதான்.

"நம்ம பசங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"எலும்பு புடிச்சிருச்சா?"

"இன்னும் இல்ல."

"சரி சரி, அதுங்கள அவசரப்படுத்தாத. அடுத்த பெரிய வெள்ளிக்குள்ள ஆனாப் போதும்."