அம்மா பாடிய நடுக்குரல்

கெபெக் மாகாணத்து லாசாலில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் அம்மா பாடினால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். யாழ்ப்பாணத்தில் முறையாகச் சங்கீதம் படித்தவர். கோயிலில் அவர் தேவாரம் தொடங்கினால், கதைத்துக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடிவிடுவார்கள்.

எனக்கு ஒன்பது வயதான குளிர்காலத்தில், தம்பியைக் கொண்டுவருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். பிறக்கும்போதே உயிரில்லை என்று அப்பா சொன்னார். பிறகு கோயிலில் ஒருமுறை பாடக் கேட்டார்கள். இரண்டாவது வரியில் அம்மாவின் குரல் உடைந்து நின்றது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அதோடு பாட்டும் போயிற்று, கோயிலும் போயிற்று.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு கெபெக்காரப் பெண்மணி இருந்தார். மதாம் என்றே கூப்பிடுவோம். ஒரு பாடகர் குழுவை நடத்தி வந்தார். மேலே பாட்டுச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தவர், ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டி எங்களைத் தன் பியானோவுக்கு அழைத்துப்போனார். அம்மாவுக்குப் பிரெஞ்சு ஓடாது. மொழிபெயர்ப்பாளர் நான்தான், பெருமை தாங்கவில்லை.

மதாம் மூன்று கட்டைகளை ஒன்றாக அழுத்தினார். அம்மாவின் கணக்கில் ச, க, ப. இதற்குப் பெயர் 'அக்கோர்' என்றார்.

“ஒத்துப்போறதாம், அம்மா.”

“ஆளுக்கொரு சுரம் பாடிக்கொண்டு என்னெண்டு ஒத்துப்போறது?”

மதாம் சிரித்துவிட்டார். ஆதியில் தேவாலயங்களில் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடினார்களாம். பிறகு யாரோ ஐந்தாம் சுரத்தில் கூடவே பாடத் துணிந்தார்களாம். மூன்றாம் சுரத்தை, ஒத்துவராதென்று வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். அந்தக் காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினார்; உடனே செத்தவீடு மாதிரி இருந்தது. பிறகு பஞ்சமத்தின்மேல் அடுக்கிய சுரங்களை அழுத்தி, அப்படியே நிறுத்தினார். காது எதற்கோ காத்திருந்தது. நிஷாதம் ஏறிச் சட்ஜத்திலும், மத்திமம் இறங்கிக் காந்தாரத்திலும் சேர்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

“வீட்டுக்குப் போய்ச் சேருறதாம்,” என்று மதாம் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன்.

அம்மா அந்தக் கடைசிக் கட்டைகளைத் தானே இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார்.

மதாமின் குழுவில் சேர்ந்த அம்மாவுக்குக் கிடைத்தது, மேல்குரலுக்கும் அடிக்குரலுக்கும் இடையில் ஒலிக்கும் நடுக்குரல். சமையலறையில் தனியே பழகும்போது அது பாட்டாகவே இராது. இரண்டு மூன்று சுரங்களுக்குள் சுற்றும். பழக்கதோஷத்தில் கமகம் வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

“இதென்ன பாட்டு, நிண்ட இடத்திலயே நிக்குது?” என்றார் அப்பா.

“மற்றவையோட சேர்ந்தாத்தான் பாட்டு.”

வசந்தத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு தேவாலயத்தில் கச்சேரி. கறுப்புச் சேலையில் அம்மா இரண்டாம் வரிசையில் நின்றார். எவ்வளவு உற்றுக் கேட்டும் அவர் குரல் எனக்குப் பிடிபடவில்லை. நடுவில் அவர் வாய் மூடியதைக் கண்டேன். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாடிக்கொண்டிருந்தார். பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சேர்ந்துகொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே கோபம். கோயிலையே அடக்கிய குரலை இப்படி ஒளித்து வைத்துவிட்டார்களே!

“அம்மா, உங்கட குரல் கேக்கவே இல்லை.”

“ஓமடா பிள்ளை. அதுதான் நல்லாயிருந்தது.”

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் என்னை இழுத்துத் தன்னோடு சாய்த்துக்கொண்டார். நான் சொன்னது அவருக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்து, இன்னும் உரக்கத் திரும்பச் சொன்னேன்.