ஏப்ரலில் வருவதாகச் சொன்னோம்

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. கதை கட்டுகிற திறமை எனக்கு இருந்திருந்தால், மொன்றியலில் இத்தனை வருடம் அடுத்தவன் வாசலில் பனி வழித்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன். சந்தேகம் என்றால் என் மச்சான் வினோஜனின் இடது காலை வந்து பாருங்கள்.

போன நவம்பரில் பக்கத்து நகரமான லவாலில் ஒரு பழைய கேம்பர் வாங்கினேன். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற பெட்டி வீடு அது. உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு குட்டி ஜன்னல். சக்கரம் கிடையாது. மூலைக்கு ஒன்றாக நான்கு இரும்புக் கால்கள். கைப்பிடியைச் சுற்றினால் கால் நீளும், குறையும். குளிர்காலம் முழுக்க ஒரு கொட்டகையில் வைத்துவிட்டு, ஏப்ரலில் பழுது பார்த்து, பிள்ளைகளோடு ஊர் சுற்றலாம் என்பது என் ஆசை. என் மனைவி அஜந்தா படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் குப்பைக்கோ காசு குடுத்தனீங்கள்?" என்றாள். அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

வினோஜனையும் கூட்டிக்கொண்டு எடுக்கப் போனேன். விற்ற கிழவி வாசற்படியைத் தாண்டி வரவில்லை. சாவியை மட்டும் நீட்டினாள். 'மெர்சி' என்று பிரெஞ்சில் நன்றி சொன்னோம். கதவைச் சாத்திவிட்டாள்.

கேம்பரின் உள்ளே பார்த்தேன். யாரும் இல்லை, எதுவும் இல்லை. ஜன்னல் திரையை நானே இழுத்து மூடினேன். ஆனால் பிக்கப்பில் ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் தொம்மென்று அமர்ந்தது.

"வெறும் பெட்டி எண்டனீங்கள், அத்தான்?" என்றான் வினோஜன்.

"தண்ணித் தாங்கி நிரம்பியிருக்கும்."

தாங்கி காலி. அதையும் பார்த்திருந்தேன்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகருக்கு அப்பால் இருந்த கொட்டகைக்குப் போனபோது மணி நாலரை. நவம்பர் அல்லவா, இருட்டிவிட்டது. கால்களை நீட்டி, பெட்டியைத் தூக்கி நிறுத்தி, பிக்கப்பை வெளியே எடுத்தோம். வினோஜன் பெட்டியின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.

"போட்டு வாறம் என்ன. ஏப்ரலில பாப்பம்."

எங்கள் ஆட்களுக்கு வாயில் 'போறன்' வராது. செத்தவீட்டைத் தவிர எங்கிருந்து எழும்பினாலும் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன் என்பதுதான்.

டொக்.

உள்ளேயிருந்து...

"எலி," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

பெட்டியின் பின்மூலை சற்றுத் தாழ்ந்து நின்றது. கட்டை வைக்க வினோஜன் அடியில் நுழைந்தான். மணி 4:52.

கிறீச்...

பின்மூலைக் காலின் கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது. தானாக.

பாய்ந்து பிடித்தேன். மறுபக்கம் யாரோ பிடித்திருப்பதுபோல் என் கையை முறுக்கித் தள்ளியது. பெட்டி இறங்கியது.

"வெளியில வாடா!"

"கால்... அத்தான், கால்!"

கிறீச்... கிறீச்...

கைப்பிடியை விட்டேன். அவன் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன்.

தொம்.

சப்பாத்து அடியில். அவன் வெளியில்.

டொக். டொக். டொக்.

நிமிர்ந்தேன்.

திரை விலகியிருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு. மறுநாள் ஆத்திரத்தோடு கிழவிக்கு அழைத்து, பெட்டியைத் திருப்பி எடுக்கச் சொன்னேன். அவள் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு குளிர்காலம் என் கணவர் கோபித்துக்கொண்டு அதற்குள் போய்ப் படுத்தார். கதவு உறைந்து இறுகிவிட்டது. உள்ளேயிருந்து தட்டினார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வர நான்கு நாளாகிவிட்டது."

பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கிளம்பும்போது நீங்கள் அவரிடம், வருகிறோம் என்று ஏதாவது சொன்னீர்களா?"

நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

அதன்பிறகு அந்தக் கொட்டகைப் பக்கம் நாங்கள் போகவில்லை. இனிப் போகவும் மாட்டோம். இன்று காலை வினோஜன் அழைத்தான். குரல் சரியில்லை.

"அத்தான்... நாங்கள் போகாட்டி, அது வருமோ?"

நாளை ஏப்ரல்.