நீச்சல் தெரியாதவன் பூட்டிய படகு மோட்டார்

மெக்கானிக் தொழிலில் பயம் வண்டியைப் பிரிக்கும்போது வராது. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு கையில் ஒரு நட்டு மிஞ்சும் பாருங்கள், அப்போதுதான் வரும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் அரியலூர் செந்துறை ரோட்டில் எனக்கு மோட்டார் சைக்கிள் பட்டறை இருந்தது. அப்போது ஒரு மழைக்காலத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சாக்கு மூட்டை

கொள்ளிடத்தில் ஆட்களை ஏற்றிப் படகு விடும் கோவிந்தசாமி, ஒருநாள் பஸ்ஸிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். உள்ளே படகின் பின்பக்கம் மாட்டி ஓட்டும் சின்ன மோட்டார். நாகப்பட்டினத்தில் பழசாக வாங்கியது. பிரித்துப் பார்த்தால் கடல் உப்பு சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு சுத்தியலுக்கும் அசையவில்லை. புது சாமான் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். அதற்கு அவருக்கு வசதியில்லை.

ரோட்டில் ஓடுகிற வண்டிதான் எனக்குத் தெரியும், இதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றேன். அவர் மூட்டையைத் தொடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போன வெள்ளத்துல துடுப்பு போட்டுத்தான் போனேன். நடு ஆத்துல இழுத்துக் கவுத்துடுச்சு. ஒரு பொம்பள ஆத்தோட போயிட்டாங்க. இனிமே துடுப்ப நம்பி ஆள ஏத்த மாட்டேங்க."

லேத்துக்காரர்

மோட்டார் சைக்கிள் பிஸ்டன் ஒன்று கிட்டத்தட்ட அந்த அளவில் இருந்தது. லேத்தில் கொஞ்சம் கடைந்தால் பொருந்தும். திருச்சியில் எனக்கு வழக்கமாகக் கடைந்து தரும் இப்ராஹிம் பாயிடம் கொண்டுபோனேன். பாதி வேலையில், எந்த வண்டிக்கு என்று கேட்டார். படகுக்கு என்றேன். லேத்தை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டார். எட்டு, பத்து பேர் என்றேன். மறுபடி லேத்தை ஓட்டினார். அளவை நாலு தடவை சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, நான் படியிறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "நான் கடைஞ்சேன்னு யார்ட்டயும் சொல்லிராதப்பா."

டிரம்

மோட்டாரைக் குளிரவைக்கத் தண்ணீரை உறிஞ்சும் ரப்பர் சக்கரம் பொடிந்துபோயிருந்தது. லாரி டயர் ரப்பரில் வெட்டிப் போட்டேன். பட்டறைக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மில் மாட்டி, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். எதிர்ச்சுவர் வரைக்கும் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு கால் மணி நேரம் ஓடியது. கோவிந்தசாமி சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. முதல் மூன்று நாள் நானும் படகில் வரவேண்டும் என்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "தெரியாததுனாலதாங்க கூப்பிடுறேன். நல்லா பூட்டுவீங்க."

அவர் போனதும் முழுசாகப் பிரித்து மறுபடி முதலிலிருந்து பூட்டினேன்.

நடு ஆறு

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் காலை கரை ரெண்டும் முட்டத் தண்ணீர். ஒன்பது பேர், இரண்டு சைக்கிள், ஒரு ஆடு. பாதி ஆற்றில், தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் விசிறி ஏதோ மணல் திட்டில் தட்டியது. எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை. விசிறியைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன ஊசி முறிந்துவிட்டது. மாற்று ஊசி கொண்டுவர எனக்குத் தோன்றவே இல்லை. படகு குறுக்கே திரும்பி, ஆற்றோடு போக ஆரம்பித்தது.

தினமும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் டீச்சரம்மா ஒருவர், படகின் விளிம்பைப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் ஜவுளி விற்கிறவரிடம் சக்கரத்துக் கம்பி ஒன்று கேட்டேன். அவரே முறித்துக் கொடுத்தார். அதை இரண்டாக மடித்து வெட்டினேன். எஞ்சினை நிறுத்தி, விசிறி வெளியே தெரியும்படி மோட்டாரைச் சாய்த்துத் தூக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் மேல் குனிந்தேன். கோவிந்தசாமி என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விசிறி கைதவறி விழுந்தால் முடிந்தது கதை. கம்பி உள்ளே போனது. நாலாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

அக்கரையில், துறைக்கு வெகு தூரம் கீழே, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரையேறினோம். நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சரம்மா சேலையைப் பிழிந்துவிட்டு என் அருகில் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "சாயங்காலம் இதே படகுலதான் நான் வூட்டுக்குத் திரும்பணும். அதுக்குள்ள நல்ல ஊசியா ஒண்ணு போட்டுருங்க தம்பி" என்றார்.

போட்டேன். மோட்டார் அதற்குப் பிறகு மூன்று வெள்ளம் பார்த்தது. ஆறு யாரையும் கொண்டுபோகவில்லை. ஆனால் பழுதானால் இறங்கித் தள்ள முடியாத எந்த வண்டியையும் நான் அப்புறம் தொட்டதில்லை.