கொம்புக்குள் கடுகு

என் கணவர் ஒரு காலத்தில் கொழும்பு வெள்ளவத்தை மொட்டைமாடி ஒன்றில் ஆட்டுத்தோல் பதனிட்டவர் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அப்போதும் சிரித்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர், கட்டட வரைபடம் கீறும் வேலை, அதிகம் பேசாத மனிதர். காலையில் படியிறங்குமுன் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். சண்டை முடிந்து எத்தனையோ வருடங்களான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எல்லாம் கனடாவில் தொடங்கியது. அவருடைய தமையனைப் பார்க்க ஒரு கோடையில் போயிருந்தோம். தமையனின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்கார பஸ் சாரதி, எங்களை ஆற்றங்கரை முகாம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். கன்வஸ் கூடாரங்கள், விறகடுப்பு, தோல் உடுப்புப் போட்ட தாடிக்காரர்கள். இருநூறு வருடங்களுக்கு முன் அந்தப் பக்கத்து மலைகளில் பீவர் பிடித்து வாழ்ந்தவர்களைப் போல வருடாவருடம் சில நாட்கள் வாழ்ந்து பார்ப்பதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. பீவர் என்பது பல்லால் மரம் தறித்து ஆற்றுக்கு அணை கட்டும் பிராணி. அதன் மயிரில்தான் அந்தக் காலத்து லண்டன் துரைமாரின் தொப்பிகள் செய்யப்பட்டனவாம். அந்தத் தொப்பிக்காக மனிதர்கள் உறைந்த ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பொறி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் முகாமுக்குள் வரக்கூடாது. என் கைக்கடிகாரத்தைக் கூடக் கழற்றச் சொன்னார்கள். என் கணவருக்கு ஒரு தோல் அங்கியை மாட்டி, கையில் மருந்து கெட்டித்துச் சுடும் நீளத் துவக்கைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவர் வாயைத் திறந்து சிரிக்கிறார். எங்கள் கல்யாணப் படத்தில் கூட அப்படிச் சிரிக்கவில்லை.

கொழும்புக்குத் திரும்பியதும் தானே செய்யத் தொடங்கினார். இறைச்சிக் கடையில் ஆட்டுத்தோல் வாங்கி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் பலகை போட்டு மயிர் வழித்தார். முட்டை மஞ்சட்கரு பூசிக் கையால் இழுத்து இழுத்து மெதுவாக்கினார். பிறகு புகை போட்டு, அதில் தனக்கொரு சட்டை தைக்கத் தொடங்கினார். சிக்கிமுக்கிக் கல்லில் இரும்பைத் தட்டி, கருக்கிய துணியில் பொறி பிடிக்க வைப்பார். ஒரு கைக்கோடரிக்குத் தானே பிடி போட்டார். மாட்டுக்கொம்பைச் சுரண்டி மெருகேற்றி, அந்தத் தாடிக்காரர்கள் தோளில் தொங்கவிட்டிருந்ததைப் போல வெடிமருந்துக் கொம்பு ஒன்றும் செய்தார். மருந்துக்கு எங்கே போவது? என் குசினிக் கடுகை அதற்குள் போட்டு மூடினார். ஆட்டினால் சத்தம் சரியாக இருக்கிறதாம்.

"உங்களுக்கு என்னப்பா பிடிச்சிருக்கு? அந்த மலையில ஏற்கெனவே சனம் இருந்தது. இவங்கள் போய்த்தானே எல்லாத்தையும் அழிச்சவங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓம், தெரியும். அவங்கள் நல்லவங்கள் எண்டு நான் சொல்லேல்லை" என்றார். தோலில் குத்தூசி போட்டபடியே, "ஒருத்தன் மாசக்கணக்கா நடக்கிறான். ஒரு இடத்திலயும் மறிச்சு, நீ ஆர், எங்க போறாய் எண்டு கேக்க ஆளில்லை. அதைத்தான் யோசிக்கிறன்" என்றார்.



நுவரெலியாவுக்கு மேலே, தெரிந்த ஒருவரின் மரக்கறித் தோட்டத்தில் கூடாரமடிக்க ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். தூறலில் நெருப்பு மூட்டி, தேத்தண்ணி வைத்துத் தந்தார். மத்தியானம் அந்தத் தோல் சட்டையோடேயே சரிந்து, பொழுது சாயும்வரை நித்திரை கொண்டார். வெள்ளவத்தையில் கீழே ஒரு ஜீப் நின்றாலே எழும்பி உட்காருகிறவர். நான் சத்தம் போடாமல் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் தொடர்மாடியில் மற்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. நாற்றம் என்றார்கள். கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமையிலும் தோல் புகைகிறது என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. அவரும் மன்னிப்புக் கேட்டு வெள்ளிகளில் நிறுத்தினார்.

பிறகு அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு ஒவ்வொரு தெருவாகச் சோதனை நடந்தது. கத்தி, வாள் வைத்திருந்தவர்களைப் பிடிக்கிறார்கள் என்று கதை. கீழ்மாடி முஸ்லிம் குடும்பம் இறைச்சி வெட்டும் கத்தியைக்கூடப் பையில் சுற்றிக் கொண்டுபோய் எறிந்துவிட்டது. "உங்கட கோடாலியையும் எங்கயாவது போடுங்கோவன்" என்றேன். "ஒளிச்சால்தான் பிழை. நான் என்ன பிழை செய்தனான்?" என்றார்.

பொலிஸ் வந்தது ஒரு முற்பகலில். மற்ற வீடுகளைத் தட்டாமல் நேராக எங்கள் கதவுக்கு வந்தார்கள். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. தெரிய விரும்பவுமில்லை.

கைக்கோடரி, கத்தி, மலைகளையும் ஆறுகளையும் அவரே கீறிய வரைபடம், எல்லாம் மேசைக்கு வந்தன. சுவரில் அந்தப் படம். தாடிக்காரர்களுக்கு நடுவில் துவக்கோடு ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழன்.

"மே கவுத?" என்று அதிகாரி கேட்டார். யார் இவர்கள்?

என் கணவர் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். அவர் சிங்களம் நன்றாகப் பேசுவார். ஆனால் பீவருக்குச் சிங்களம் தெரியவில்லை. தண்ணீரில் இருக்கும் பிராணி, அதன் மயிர், லண்டன், தொப்பி என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அது பொய்யைப் போலவே இருந்தது. எனக்கே அப்படிக் கேட்டது.

ஒருவர் கொம்பைத் திறந்து கையில் கவிழ்த்தார். கறுப்பு மணிகள் உருண்டன.

"மாத்தயா, ஏ அப!" என்று நான் கத்தினேன். ஐயா, அது கடுகு. ஓடிப்போய்க் குசினியிலிருந்து கடுகுப் போத்தலையும் கொண்டுவந்து காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு போத்தலையும் சேர்த்தே பையில் போட்டுக் கட்டினார்.

என் கணவரைக் கூட்டிப்போகும்போது படிகளில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன.

விளக்கமறியல் சிறையில் அவரைப் பார்க்கப் போன நாட்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. சாப்பாட்டுப் பார்சலைக் கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். வெடிமருந்தா என்று பார்க்கக் கடுகு பகுப்பாய்வுக்குப் போயிருந்தது. குண்டுவெடிப்பின் தடயங்கள் எல்லாம் முன்னால் வரிசையில் நிற்க, எங்கள் கடுகு பின்னால் காத்திருந்தது. "அது கடுகு எண்டு நீதவானுக்கும் தெரியும் அக்கா. ஆனா ரிப்போட் வராமல் ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்" என்றார் எங்கள் சட்டத்தரணி.

அதற்குள் என் கணவருடைய வேலை போய்விட்டது. வீட்டுச் சொந்தக்காரர் மரியாதையாகத்தான் வெளியேறச் சொன்னார். நான் கொட்டாஞ்சேனையில் தங்கையின் மேல்வீட்டுக்குச் சாமான்களோடு போனேன்.

அந்தத் தெருவில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகள் இன்னும் கழற்றப்படவில்லை. தேவாலயத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள். அவர்களுக்கு நடுவில், வெடிமருந்தோடு பிடிபட்டவனின் பெண்சாதியாக நான். ஒருவரும் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. கதைக்கவுமில்லை. ஒரே ஒருத்தி, மகளைப் பறிகொடுத்த தாய், பாண் கடை வாசலில் நேராகவே கேட்டாள்.

"உங்கட மனுசன் என்னத்துக்குப் பிடிபட்டவர்?"

வெயிலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தோல், பீவர், கொம்பு, கடுகு. அவள் கடைசிவரை கேட்டாள்.

"எனக்கு உதொண்டும் விளங்கேல்லை அக்கா" என்றாள். "என்ர பிள்ளை செத்துப்போச்சு. பெரிய ஆக்கள் இப்பிடி விளையாடிக்கொண்டு திரியிறியளோ?"

அவள் கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

அறிக்கை ஒருவாறு வந்தது. கடுகு என்று எழுதியிருந்தது. பிணையில் வந்தவர் நன்றாக மெலிந்திருந்தார். இரும ஆரம்பித்தால் நிற்காது. பிறகும் வழக்கு இழுபட்டு, ஒருநாள் புதுக்கடை நீதிமன்றத்தில் விடுவித்தார்கள். பொருட்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியும் உத்தரவு.

வழக்குச் சாமான்கள் வைக்கும் அறையில் நீதிமன்ற லிகிதர் ஒரு சாக்கைக் கொட்டினார். கோடரி துருப்பிடித்திருந்தது. தோல் சட்டையின் ஒரு கையை எலி தின்றிருந்தது. ஆனால் மிச்சம் நன்றாகவே இருந்தது. தைத்தால் போடலாம்.

"மே ஒயாகேத?" உங்களுடையதா?

என் கணவர் சாக்கைப் பார்க்கவே இல்லை. "மகே நெவெய்" என்றார். என்னுடையதல்ல.

லிகிதர் மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "என்னப்பா சொல்லுறியள்? நீங்கள் செய்ததெல்லே!"

அவர் வெளியே நடந்துவிட்டார். வாசலில் எட்டிப் பிடித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதற்காகவா நான் வரிசைகளில் நின்றேன்?

"கையெழுத்து வைச்சால் அது என்ர எண்டு ஆகும்" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "பிறகு எப்பவாவது திரும்ப வருவினம். அப்ப உமக்கும் சேர்த்துக் கஷ்டம்."

ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வீடுவரை நடந்தே போனோம். அவர் முன்னால், நான் கொஞ்சம் பின்னால். இப்போது முகத்துவாரத்தில் பலகை விற்கும் மரக்காலை ஒன்றில் பில் எழுதுகிறார். பின்னேரம் வந்து கை கால் கழுவிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். அதில் என்ன போகிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.