கவிழ்த்து வைத்த கிண்ணம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எங்கள் வீட்டு அடுப்படி என் கைக்கு வரும். எனக்குத் தெரிந்த சமையல் ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஒரே ஒரு சட்டி போதும். அடி கனத்த இரும்புச் சட்டியில் தேங்காயெண்ணெய் ஊற்றி, சின்ன உள்ளியும் கறிவேப்பிலையும் வதக்கி, இஞ்சி பூண்டைத் தட்டிப் போட்டு, கோழித் துண்டுகளை மஞ்சளோடும் நசுக்கிய மிளகோடும் புரட்டி, மேலே உருளைக்கிழங்கை வெட்டி அடுக்கி மூடிவிடுவேன். தண்ணீர்கூட வேண்டாம். கோழி விடுகிற நீரிலேயே கிழங்கு வெந்துவிடும். இதற்கு நான் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிற நிலையைப் பார்த்தால் ஊருக்கே விருந்து வைக்கப்போகிறேன் என்று தோன்றும்.

போன வாரம் என் மனைவி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் வித்துராக்காரி. தமிழ் பேசும்போதும் மலையாளம் கூடவே நடந்து வரும்.

"ஆருக்காக்கும் இத்தன கெழங்கு?"

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சட்டி நிறையக் கிழங்கு கிடந்தது. அவள் கேட்ட பிறகுதான் எனக்கே அது கண்ணில் பட்டது. மூடி வேகவிட்டு, பிறகு திறந்தேன். மிளகு மணத்தோடு ஆவி முகத்தில் அடித்தது. திருவனந்தபுரத்தில் நாலாவது மாடியில் நிற்கிறேன் என்பது மறந்து போனது. போனக்காடு மலைத் தோட்டத்தில், எங்கள் லயத்தில், அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

உங்களுக்கு லயம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்காது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்காக ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள் அவை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேலே திறந்துதான் கிடக்கும். ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கஷாயம் போடலாமா என்று யோசிப்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு லயம் முழுவதும் தீர்ப்புச் சொல்லும். கோழி அடித்தால் கேட்கவே வேண்டாம், மணம் எல்லா வீட்டுக்கும் போய்விடும். மணம் போன வீட்டுக்குக் குழம்பும் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரு கோழி எத்தனை வீட்டுக்குக் காணும்? அதற்காகத்தான் கிழங்கு. அம்மா கிழங்கை அள்ளிப் போடுவாள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு துண்டு கோழி இருக்கும், மிச்சமெல்லாம் கிழங்கு.

கிண்ணம் திரும்பி வருவதற்கும் ஒரு முறை இருந்தது. வெறும் கிண்ணமாக வராது. கழுவி, ஒரு பிடி கல்லுப்போ, இரண்டு பச்சைமிளகாயோ, எதையாவது போட்டுத்தான் தருவார்கள். லயத்தை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள் மட்டும் வெறும் கிண்ணத்தைக் கழுவி, கொடுத்தவர் வீட்டு வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். இனி உனக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று அதற்கு அர்த்தம். சின்ன வயதில் ஒருநாள் நான் பெரிய உதவி செய்வதாக நினைத்துப் பாத்திரங்களைக் கழுவி எங்கள் வாசற்படியிலேயே கவிழ்த்து வைத்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, எல்லாவற்றையும் பதறிப்போய் நிமிர்த்தினாள். அடியைவிட அந்தப் பதற்றம்தான் நினைவிருக்கிறது.

தோட்டத்தில் வேலை குறைந்து, பிறகு நின்றே போனது. அப்போது நான் நகரத்துக்கு வந்து தம்பானூர்ப் பக்கம் ஒரு ஓட்டலில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். லீவு கிடைக்கும்போது மேலே போவேன். போகும்போதெல்லாம் இன்னும் ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். எங்கள் படியில் கிண்ணங்கள் கவிழ்ந்து கவிழ்ந்து, கடைசியில் லயத்தில் அம்மாவும் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அத்தையும் மட்டும் மிஞ்சினார்கள். இருவருக்கும் புருஷன் இல்லை. அத்தையின் மகன் ராஜன் நகரத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். சாயங்காலமானால் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, சுவருக்கு மேலே பேசிக்கொள்வார்கள். நான் நடுவில் பேசினால் இரண்டு பக்கமிருந்தும் திட்டு விழும்.

ஒருமுறை போனபோது அத்தை வீடும் பூட்டிக் கிடந்தது. ராஜன் வந்து கூட்டிப் போயிருப்பான் என்று நான் சந்தோஷப்பட்டேன். இனி அம்மாவையும் கீழே கொண்டுவந்துவிடலாம். காட்டுப்போத்து என்று நாங்கள் சொல்கிற காட்டெருமை வாசல்வரை வருகிற இடத்தில், கரண்டும் நின்றுபோன லயத்தில், ஒற்றைப் பெண்பிள்ளை எப்படி இருப்பாள்? எனக்கு ராத்திரி தூக்கமே வராமல் இருந்த காலம் அது. அம்மா அசையவில்லை.

"எங் கிண்ணம் அவகிட்டயில்லா கெடக்கு. திருப்பி வைக்காம அவ போவமாட்டா, மக்கா."

தங்கம் என்று அம்மாவின் பேர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணம் அது. கடைசியாக அதில்தான் குழம்பு கொடுத்தாளாம். பூட்டின வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். சாயங்காலத்தில் அடுப்பு ஊதுகிற சத்தம் சுவருக்கு மேலே வருகிறது என்றாள். ஞாயிறுதோறும் வேறொரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றி அந்த வாசலில் வைப்பதாகவும், காலையில் அது காலியாக இருப்பதாகவும் சொன்னாள். மரநாய் தின்றிருக்கும் என்றேன். மரநாய் பாத்திரம் கழுவுமா என்று கேட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்காலியைப் போட்டு ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சுருட்டி வைத்த பாய் இருந்தது. அடுப்பில் பழைய சாம்பல். அலமாரித் தட்டு துடைத்துவிட்டதுபோலக் காலி. கிண்ணம் எங்கேயும் இல்லை. ஆளில்லாத வீடு அது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இறங்கி வந்த பிறகு என் சட்டையில் புகை மணம் இருந்தது. எங்கள் அடுப்பை அன்று அதுவரை பற்றவைத்திருக்கவே இல்லை.

அன்று அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. வித்துராச் சந்தையில் நான் வாங்கி வந்த கோழி கிடந்தது. படுத்தபடியே அம்மா சொல்லச் சொல்ல நான் செய்தேன், ஒரே சட்டியில், கிழங்கை மேலே அடுக்கி. இன்றைக்கு நான் பெருமையடித்துக்கொள்கிற சமையலை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அவள் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டுக்கும் வைக்கச் சொன்னாள். நாளைக்கு என்னோடு வருவதானால் வைக்கிறேன் என்று பேரம் பேசினேன்.

"அவ கிண்ணத்தத் தந்துட்டா வாறேன். இல்லேன்னா என்னக் கூப்பிடாத."

வேறு வழியில்லை. கிண்ணத்தில் ஊற்றி, பூட்டிய கதவின் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். தைரியசாலி என்று என்னைப் பற்றி எனக்கிருந்த எண்ணம் அந்தப் பத்தடியில் முடிந்துபோயிற்று. வந்ததும் கதவைத் தாழ்போட்டேன்.

விடிந்து கதவைத் திறந்தேன். பனிமஞ்சு படியேறி வந்துகொண்டிருந்தது. அத்தை வாசலில் நான் வைத்த கிண்ணம் குழம்போடு அப்படியே இருந்தது, ஆடை கட்டிப்போய். எங்கள் படியில் வேறொரு கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. கழுவி ஈரம் காயாத கிண்ணம். எடுத்துத் திருப்பினேன். தங்கம் என்று எழுதியிருந்தது.

 உள்ளே கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். அவள் பயப்படவில்லை. எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் முடியை அள்ளி முடிந்தாள்.

"அவ கெளம்பிட்டா. நாமளும் எறங்கலாம்."

பஸ்ஸில் கூட்டமே இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான் உட்காரப் போனேன். முன்சீட்டுக்குப் போகச் சொன்னாள். கண்டக்டர் வந்ததும் மூன்று டிக்கெட் எடுக்கச் சொன்னாள். காய்ச்சல் வேகத்தில் பேசுகிறாள் என்று நினைத்து இரண்டுதான் எடுத்தேன். மலை இறங்கும்வரை பின்னாலிருந்து அவள் யாருடனோ மெல்லப் பேசிக்கொண்டே வந்தாள். நான் திரும்பவில்லை.

சில வருஷம் கழித்து ராஜனைக் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். தலை நரைத்துவிட்டிருந்தது. எங்களைத் தேடித் தேடி அலைந்ததாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குப் புரியவில்லை. அத்தை சுகமா என்று கேட்டேன். கையை விட்டுவிட்டான்.

"எங்கம்ம ஒங்க கூடத்தான எறங்கினா? ஒங்க கூட வந்துரச் சொல்லில்லா ஆள் அனுப்புனேன்."

அவன் கூட்டிப்போயிருப்பான் என்று நானும், எங்களோடு வந்திருப்பாள் என்று அவனும் இருந்திருக்கிறோம். இரண்டு பேரும் மேலே போய்ப் பார்த்தோம், விசாரித்தோம், போலீசிலும் எழுதிக் கொடுத்தோம். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவள் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"நம்ம கூடத்தான வந்தா. நீதான் டிக்கெட் எடுக்கல."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தனியாக ஊற்றி வைக்கிற கிண்ணத்தைப் பற்றி நானும் மனைவியும் பேசுவதை விட்டுவிட்டோம். காலையில் அது கழுவி, நிமிர்ந்து, அடுப்பு மேடையில் இருக்கும். பெரும்பாலும் அதில் கொஞ்சம் உப்புக் கிடக்கும். அம்மா போடுகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால்தான் தூங்க முடியும்.

அம்மா போன வருஷம் போனாள். கடைசி மாசம் அவள் படுக்கையை விட்டு எழவில்லை, புரண்டு படுக்கவும் எங்கள் கை வேண்டும். ஒருநாள் விடிகாலை எங்கள் அறைக் கதவைத் திறந்தேன். வாசலில் தங்கம் என்று பேர் வெட்டிய கிண்ணம், கழுவிய ஈரத்தோடு, கவிழ்ந்து கிடந்தது. அம்மாவின் கட்டிலுக்குப் போகும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பயம் துளியும் இல்லை. அழுகைதான் வந்தது.

லயத்தின் கூரை விழுந்து, உள்ளே காடு வளர்ந்துவிட்டதாம். சுவரைத் தாண்டிப் போகிற மணமும் இல்லை, எங்கள் அடுப்படி மணத்தை ஃபேன் வெளியே தள்ளிவிடுகிறது. மனைவி இப்போதும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள், நான் போய் ஒவ்வொன்றாக நிமிர்த்துவேன். அந்தக் கிண்ணத்தில் ஒரு பிடி கல்லுப்பு போட்டு வைக்கிறேன். இரவு போட்ட உப்பு காலையில் போட்டபடியே கிடக்கிறது. அம்மாவும் அத்தையும் சேர்ந்துதான் கிளம்பியிருக்கிறார்கள். இந்தத் தடவை டிக்கெட் எடுக்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.