அண்ணருக்குக் கிடைக்காத கட்டில்

அண்ணரின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, பந்திக்கு முன்போ பின்போ இந்த நினைவு மலரைப் புரட்டுவீர்கள். அண்ணரின் பெருமைகளைத்தான் எதிர்பார்ப்பீர்கள். அவற்றை எழுதுகிறேன். கூடவே, இப்படியான மலரில் ஒருவரும் எழுதாத ஒன்றையும் எழுதுகிறேன்.

அண்ணர் வடமராட்சியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நாங்கள் சிறுவராக இருக்கையிலேயே தகப்பனார் காலமாகிவிட்டார். கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லாமல் அம்மாவே புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து எங்களைப் படிப்பித்தார். அண்ணர் இரவல் புத்தகங்களில் படித்துக் கொழும்புக்குப் போய் டாக்டராக வந்தார். அன்று அவரைக் கொண்டாடாத சொந்தக்காரர் இல்லை. ஒரு நேரச் சோறு தந்தவரும் அவர்களில் இல்லை.

நாடு சுதந்திரம் பெற்ற வருடம் அவருக்கு மலைநாட்டு ஊவாவுக்கு மாற்றம் வந்தது. பதுளைப் பக்கத்து அரசாங்க ஆசுபத்திரி ஒன்று. அதன் பெயரைப் போட வேண்டாம் என்று அண்ணரின் மனைவியான என் மச்சாள் கேட்டுக்கொண்டார், விடுகிறேன். எனக்கும் பதுளையில் எழுதுவினைஞர் வேலை கிடைத்ததால் அவர்களோடேயே தங்கினேன். குளிரும் அட்டையும் நிறைந்த இடத்தில் என்ன இருப்பு, யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேள் என்று ஊரிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. அண்ணர் கேட்கவில்லை.

அந்த ஆசுபத்திரியில் நோயாளிகள் கிடக்கும் வாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இனிப் பிழைக்கமாட்டார் என்று தோன்றும் நோயாளியைப் பின்கதவோரக் கட்டிலுக்கு மாற்றிச் சுற்றிவரத் துணித்தட்டி வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் பயப்படக் கூடாதாம். தாதியின் மேசையோ வாட்டின் மறு கோடித் தொங்கலில் இருந்தது. முதல் வாரமே அண்ணர் வீட்டுக்கு வந்து, சோற்றில் கை வைக்காமல் சொன்னார்:

"சாகக் கிடக்கிறவனை ஏன் கதவடியிலை போடுறாங்கள் தெரியுமோ தம்பி? தூக்கிக்கொண்டு போக லேசு."

அதை அவர் தலைகீழாக மாற்றினார். ஆகக் கடுமையான நான்கு நோயாளிகளைத் தாதியின் மேசையடியில் கிடத்தினார். கால்மணிக்கொரு தடவை நாடியையும் மூச்சையும் எழுதவேண்டும். மயங்கிக் கிடப்பவரை மல்லாக்க விடாமல் ஒருக்களித்துக் கிடத்தவேண்டும். தொண்டையில் சளி அடைத்தால் ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுக்கவேண்டும். அவ்வளவுதான். புது மருந்தென்று ஒன்றுமில்லை. "பாத்துக்கொண்டிருக்க ஒரு ஆள் இருந்தால், அநியாயமாச் சாகிற சனம் சாகாது" என்பார்.

ஆனால் முதலில் அங்கே கிடத்திய நான்கு பேரும் இறந்துபோனார்கள். எல்லோரும் கைவிட்ட நோயாளிகள்தானே, வேறு எப்படி இருக்கும்? கதை பக்கத்து ஊர் ஹாலிஎலக் கடைகள் வரைக்கும் போய்விட்டது. அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கருப்பையா என்பவரைச் சளிச்சுரத்தோடு நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். மேசையடிக் கட்டிலைக் கண்டதும் அவர் மனைவி ராமாயி கும்பிட்டார்.

"அந்தக் கட்டிலு வேணாங்க. அதுல படுத்தவங்க யாரும் எந்திரிக்கலீங்க. நாங்க லயத்து வீட்டுக்கே தூக்கிட்டுப் போறோம். எங்க காம்பராவுலயே உசுரு போவட்டுங்க."

அண்ணர் அதற்குள் தோட்டத்துப் பேச்சைப் பழகியிருந்தார். "அப்ப நீயும் இங்கேயே இரு. மூச்சுல கரகரன்னு சத்தம் கேட்டா உடனே மிஸ்ஸியக் கூப்பிடு. இவன மல்லாக்க மட்டும் விட்டுடாத" என்றார். ராமாயி அந்தக் கட்டிலடியில் மூன்று நாள் தரையில் இருந்தார். எத்தனையோ தரம் தாதியைக் கூப்பிட்டார். கருப்பையா தன் காலால் நடந்து வீடு போனார். அதன்பின் கடுமையான நோயாளி ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வீட்டார் ஒருவரை அண்ணர் இருக்கவிட்டார். மூச்சின் சத்தத்தை எப்படிக் கேட்பதென்று அவர்களுக்குப் பொறுமையாகப் பழக்கினார்.

இது சட்டத்துக்கு மாறு. தோட்டத்துச் சனத்தை ஏற்றி வாட்டைச் சந்தையாக்கிவிட்டார் என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். அவரைத் தொலைவில் மொனராகலைப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். அவர் போன கையோடு கட்டில்கள் பின்கதவுக்குத் திரும்பின. சில வருடங்களில் திரும்பி வந்தவர் முதல் வேலையாக அந்தக் கட்டில்களை மறுபடியும் மேசையடிக்கு இழுத்தார். பதவி உயர்வு கடைசிவரை வரவில்லை. அவரிடம் வேலை பழகியவர்கள் அவருக்கு மேலே போனார்கள். ஊரில் அவருக்குத் "தோட்டக்காட்டு டாக்குத்தர்" என்று பட்டம் வைத்தார்கள். வைத்தவர்களில் சிலர் இன்று முதல் பந்தியில் இருப்பீர்கள்.

இந்த வருட மழைக்கு அண்ணருக்கே சளிச்சுரம் வந்தது. அதே ஆசுபத்திரியின் வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை மேசையடியிலை போடச் சொல்லு தம்பி."

"என்ன கதை அண்ணை இது? தோட்டத்துச் சனத்துக்கு நடுவிலை உங்களைக் கிடத்திப்போட்டு நான் ஊரிலை முகம் குடுக்கேலுமே? தனி அறைக்குச் சொல்லிப்போட்டன்" என்றேன்.

வாதாட அவருக்கு மூச்சு இருக்கவில்லை.

உத்தியோகத்தர்களுக்கான அந்த அறை விறாந்தையின் கடைசித் தொங்கலில் இருந்தது. வெள்ளை விரிப்பு, யன்னலுக்குத் திரை எல்லாம் இருந்தன. தாதி நல்லவர், ஆனால் அவர் வாட்டு முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் அங்கே வரவேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் மச்சாள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வீட்டுக்குப் போனார். நான் கதவைச் சாத்தி, வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரிய மனிதருக்குக் காவல் இருக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை, ஓர் எடுப்பு.

அப்போது கருப்பையாவும் ராமாயியும் வந்தார்கள். போகச் சொல்லியும் ராமாயி போகவில்லை. கதவோரம் நின்று காது கொடுத்துக் கேட்டார்.

"உள்ள கரகரங்குதுங்க. ஐயா மல்லாக்கக் கெடக்குறாரு போல. ஒருக்களிச்சுப் போடுங்க, மிஸ்ஸியக் கூப்பிடுங்க."

"அவர் குறட்டை விடுறார். நித்திரையைக் குழப்பாமல் போங்கோ."

"கொறட்ட இல்லீங்க. எனக்குத் தெரியும். கும்புடுறேன், ஒரு தடவ உள்ள போயிப் பாருங்க."

அண்ணருக்குக் கீழே அத்தனை வருடம் வேலை செய்த தாதியரைவிட அந்தச் சத்தம் அந்த மனுஷிக்கு நன்றாகத் தெரியும். நான் கடைநிலை ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு இருவரையும் வாசலுக்கு வெளியே அனுப்பிவைத்தேன். மச்சாள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அண்ணர் மல்லாக்கக் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தாதி குழாயோடு ஓடி வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊருக்குக் கொண்டுவந்து தகனம் செய்தோம். "தனி அறையிலை மரியாதையாப் போய்ச் சேர்ந்தார்" என்று எத்தனை பேர் சொன்னீர்கள். முப்பது நாளாக நான் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன். என் அண்ணரைக் கொன்றது அந்த மரியாதைதான். அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் நான்.

உடலைக் கொண்டுவர வாகனம் தந்தவர்களுக்கும், பந்தலிலும் சமையலிலும் நின்றவர்களுக்கும், அனுதாபத் தந்தி அனுப்பியவர்களுக்கும், குழாயோடு ஓடி வந்த தாதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ராமாயிக்கு நன்றி சொல்ல எனக்கு வாயில்லை.

ராமாயி அன்று வந்து திரும்பிப் போனது மச்சாளுக்குத் தெரியாது. அச்சகத்துக்குக் கொடுக்கமுன் இந்தக் கட்டுரையை இதுவரைக்கும் மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் கேட்டார்:

"அவ எத்தினை மணிக்கு வந்தவ?"

"ஒரு மணி இருக்கும்."

"நான் வரேக்கை ரெண்டு மணி" என்றார். பிறகு தாள்களை என் கையில் திருப்பித் தந்தார்.

"அச்சுக்குக் குடுங்கோ. பிள்ளையள் வளந்து வாசிக்கட்டும்."