டேங்க் பையில் போன பச்சைத் துண்டு

வெள்ளி, காலை 4.30. போரூரில் வீட்டு வாசலிலேயே வண்டி முதல் உதையில் கிளம்பிவிட்டது. நல்ல சகுனம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து திருப்பூர் ஏறத்தாழ நானூற்று அறுபது கிலோமீட்டர். ரயிலில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் இறங்கிவிடலாம். அலுவலகத்தில் டிக்கெட் போடத் தயாராகத்தான் இருந்தார்கள். "இந்த வயசுல எதுக்கு சார் பைக்கு?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். நாற்பத்தெட்டு ஒரு வயதா என்று முறைத்தேன். உண்மையான காரணம் அவளுக்குச் சொல்லிப் புரியாது. சனிக்கிழமை முதலிபாளையத்தில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை பழைய அறைத்தோழன் ஜாபரோடு வண்டி ஓட்டுவது. இரண்டாவதற்காகத்தான் முதலாவதை ஒப்புக்கொண்டேன்.

என் வேலை, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகப் பனியன் சரக்கைச் சோதிப்பது. தைத்துப் பெட்டி கட்டி வைத்திருக்கும் சரக்கில் அங்கங்கே எடுத்துப் பார்த்து, போகலாம், போகக்கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் நிறம் பார்ப்பது தனிக்கலை. துணிக்குச் சாயம் போடும் முன்பே பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர், ஒரு துண்டுக்கு ஒப்புதல் கொடுத்து, அதை இரண்டாக வெட்டிவிடுவார். ஒரு பாதி எங்களிடம், மறுபாதி தைத்துக் கொடுக்கும் கம்பெனிக்காரரிடம். திருப்பூரில் முதலாளிகள் தங்கள் பாதியை நகையோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். சண்டை வந்தால் அவர்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். யாருக்காகவும் அதைக் கைவிட மாட்டார்கள்.

இந்த முறை நிறம் நியான் பச்சை. மழலைகளுக்கான டீ சட்டை. என் பாதியை மடித்து அட்டையில் பின் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பெட்ரோல் டேங்க் மேல் காந்தத்தால் ஒட்டி நிற்கும் பையின் மேல்புறத்தில், மேப் வைக்க, கண்ணாடி போல உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. கசங்காமல் இருக்கட்டும் என்று அட்டையை அதில்தான் வைத்திருந்தேன். முந்தின ஞாயிறு புதுச்சேரி போய் வந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. வழி நெடுக அந்தப் பச்சை கண்ணெதிரே மினுக்கிக்கொண்டு வந்தது, எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் இருப்பது போல இருந்தது.

உளுந்தூர்பேட்டையில் இட்லி. சேலம் தாண்டியதும் வெயில் முதுகைப் பிடித்தது. செங்கப்பள்ளியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஊத்துக்குளி வழியாகத் திருப்பூருக்குள் நுழைந்தபோது மணி மூன்று. கம்பெனி வேன்களும், மூட்டை கட்டிய டிவிஎஸ் வண்டிகளும், நெரிசலில் அரை அடி இடம் கிடைத்தாலும் மூக்கை நுழைக்கும் டவுன் பஸ்களும். திட்டிக்கொண்டே ஓட்டினேன். திட்டுவதும் சுகமாக இருந்தது.

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த அறை இருந்த கட்டடத்தை ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். கீழே இப்போது செல்போன் கடை. அந்த அறையில் ஜாபரும் நானும் நாலு வருடம் இருந்தோம். இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை, இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி, அதுவும் மூன்றாம் கை. ஞாயிறு விடிந்தால் ஊரில் இருக்க மாட்டோம். அவிநாசி வரை அவன் ஓட்டுவான். கோயில் தேர் நிற்கும் இடத்தில் இறங்கி, கை மாற்றி, புளியம்பட்டி வழியாகப் பவானிசாகர் அணை வரை நான். அங்கே பொரித்த மீன். திரும்பும்போது புகையும் எண்ணெயும் சட்டையெல்லாம் மணக்கும். நாளை ஷிப்மென்ட் இருக்கிறது, மேனேஜர் கத்துவார் என்ற நினைப்பே வராது. அவ்வளவு லேசான மனது எனக்குப் பிறகு எந்த ஊரிலும் வாய்க்கவில்லை.

ஜாபர் போன் செய்தான். "ஊருக்குள்ள வந்துபோட்டு ஊட்டுக்கு வராம லாட்ஜுல படுத்துக்கறயாக்கும்?"

"ரூல்ஸ் மாப்ள. ரிப்போர்ட் எழுதற வரைக்கும் உன் ஊட்டுத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது."

"போ, போ. நாளைக்கு என்னைய சார்னுதான் கூப்புடணும், பாத்துக்க" என்று சிரித்தான். நாளை நான் சோதிக்கப்போகும் சரக்கு, அவன் சொந்தமாகத் தொடங்கிய கம்பெனிக்கு நேரடியாக வந்த முதல் வெளிநாட்டு ஆர்டர். நண்பன் கம்பெனி என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். வேறு ஆள் இல்லை, முறைப்படி பாருங்கள் என்றார்கள்.

சனி, காலை 9.30. முதலிபாளையம் தொழிற்பேட்டைக்கு நகரிலிருந்து அரை மணி நேரம். பேக்கிங் பகுதியில் பீகார் பையன்கள் போனில் இந்திப் பாட்டு வைத்திருந்தார்கள். தையல் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் சரோஜாக்கா வாசலுக்கே வந்தார். "வாங்க சார். டீ வெக்கட்டுங்களா, இல்ல கையெழுத்துக்கு அப்பறமுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது. சோதிக்க வந்தவன் டீயை வாங்கிக் குடித்தால் சரக்கு தேறிவிட்டது. குடிக்காமல் கிளம்பினால் முடிந்தது கதை.

தையல் சுத்தம். அளவு சுத்தம். கடைசியில் நிறம். நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டிக்குள் சட்டையையும் என் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒத்துப்போகவில்லை. சட்டை ஒரு சாயல் அடர்த்தி. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. நிறத்தை நினைவிலிருந்து ஒப்பிடக்கூடாது, கையில் இருக்கும் துண்டை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் அந்தப் பாடத்தில் கெட்டிக்காரன்.

ஜாபர் பீரோவைத் திறந்து தன் பாதியை எடுத்து வந்தான். அது சட்டையோடு அச்சாக ஒத்துப்போனது. என்னுடையதோடு ஒத்துப்போகவில்லை.

இந்த ஊரில் ஒரு பழைய தில்லுமுல்லு உண்டு. சாயம் தவறிவிட்டால், தவறிய துணியிலேயே ஒரு துண்டு வெட்டி அட்டையில் ஒட்டி, இதுதான் எங்கள் பாதி என்று காட்டுவார்கள். பல பேரை நான் அப்படிப் பிடித்திருக்கிறேன். வாய் தானாகத் திறந்தது.

"இது எப்ப வெட்டுன துண்டு?"

பேக்கிங் பையன்களும் சரோஜாக்காவும் திரும்பிப் பார்த்தார்கள். ஜாபர் அட்டையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"நீங்க எழுதறத எழுதிக்கோங்க சார்" என்றான்.

போகக்கூடாது என்று எழுதினேன். கன்டெய்னர் திங்கட்கிழமை. மறுபடி சாயம் போட்டுத் தைக்க வழியே இல்லை. ஜாபர் என் முன்னாலேயே மீதச் சரக்கு வாங்கும் வியாபாரிக்குப் போன் செய்தான். ஞாயிறு மதியம் வந்து அள்ளிக்கொள்ளட்டும். அப்படி விற்கும் சரக்கில் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கக்கூடாது. கழுத்தில் தைத்த லேபிளை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். நாளைக் காலை ஒன்பதரைக்கு ஆட்களை வரச்சொல்லச் சரோஜாக்காவிடம் சொன்னான். அக்கா டீத்தம்ளர்களை எடுத்து உள்ளே வைத்ததை நான் பார்க்காதது போல வெளியே வந்தேன்.

லாட்ஜில் சாப்பாடு இறங்கவில்லை. வேலையைச் சரியாகச் செய்த திருப்தி ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

ஞாயிறு, காலை 6.00. வரமாட்டான் என்று நினைத்துத்தான் அவிநாசி ரோட்டு டீக்கடை முன் நின்றேன். வந்தான். முதுகில் பை, பழைய நேவி புளூ டீ சட்டை. அது நாங்கள் இருவரும் சேர்ந்து அனுப்பிய முதல் ஷிப்மென்ட்டில் மிஞ்சியது. ஞாயிறு தவறாமல் அதைத்தான் போடுவான்.

"வருவேன்னு நினைக்கல."

"ஊட்டுல உக்காந்தா பைத்தியம் புடிக்குமுங்க" என்றான். அந்த 'ங்க' என்னைச் சுட்டது. இந்த ஊரில் கடைக்காரருக்கும் கண்டக்டருக்கும் சொல்லும் 'ங்க' அது. நேற்றுக்கு முன்னால், இருபத்து மூன்று வருடத்தில் எனக்கு ஒரு தடவை கூட அவன் அதைச் சொன்னதில்லை.

அவிநாசி பதினான்கு கிலோமீட்டர். பழைய வழக்கப்படி தேர் அருகே நின்றோம். இப்போது ஆளுக்கொரு வண்டி, கை மாற்ற ஒன்றுமில்லை. இருந்தாலும் இருவரும் இறங்கி, சும்மா நின்று, மறுபடி ஏறினோம். புளியம்பட்டிச் சாலையில் இரண்டு பக்கமும் சோளத்தட்டும் விசைத்தறிச் சத்தமும் மாறி மாறி வந்தன. முன்பு இந்தச் சாலையில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவன் கத்திப் பாடிக்கொண்டு வருவான். சகிக்காது. இன்றைக்கு அந்தக் கொடுமையைக் கேட்க ஏங்கினேன்.

புளியம்பட்டிக்கு முன்னால் ஒரு டீக்கடை. டீ பதினைந்து ரூபாய். மணி ஒன்பதரை இருக்கும். வழியில் என் வண்டி பஞ்சராகி இரண்டு மணி நேரம் போயிருந்தது. ஜாபர் பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு முகம் கழுவக் குனிந்தான். அவன் முதுகைப் பார்த்தேன். சட்டையின் தோள் வெயிலில் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. ஆனால் பையின் வார் படியும் இரண்டு பட்டைகளில் மட்டும் நேவி புளூ புத்தம் புதிதாக, நாங்கள் பெட்டி கட்டிய நாளில் இருந்தது போலவே.

டீயைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு ஓடினேன்.

அட்டை வழக்கம்போல அந்தக் கண்ணாடி உறைக்குள் இருந்தது. நகத்தால் பின்னைப் பிடுங்கி, மடித்திருந்த துணியை விரித்தேன். வெளிப்பக்கம் வெளிர்பச்சை. மடிப்பின் உள்பக்கம் ஜாபரின் சட்டைகளின் பச்சை. புதுச்சேரி வெயிலையும் சேலம் வெயிலையும் மேல்பக்கம் குடித்திருக்கிறது. நியானுக்கு வெயில் ஆகாது என்பது இந்தத் தொழிலில் அ, ஆ படிக்கிறவனுக்குத் தெரியும்.

விரித்த துணியை அவன் முன்னால் நீட்டினேன். ஈரக்கையோடு வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"அக்கா, கத்திரியக் கீழ வைங்க. லேபிள் வெட்டறத நிறுத்துங்க. எத்தன பெட்டி பிரிச்சீங்க?" கேட்டுவிட்டு நெடுமூச்சு விட்டான். "ஒண்ணுதானுங்களா? சரி, அதத் தச்சுக்கலாம்." வியாபாரிக்கும் வரவேண்டாம் என்று சொன்னான்.

"மன்னிச்சுக்கோ ஜாபர்" என்றேன். "தப்புச் சொன்னதுக்கு மட்டும் இல்ல."

அவன் துணியை மடித்து என் கையில் வைத்தான். "ஷேடு சேரலைன்னு எழுதுன பாரு, அதுக்கு எனக்கு ஒரு வருத்தமுமில்ல. உன் கையில இருந்த துண்டு அப்படி. ஆனா எப்ப வெட்டுனதுன்னு கேட்ட பாரு. அதையும் எங்க ஆளுக முன்னால வெச்சு."

"ஆமா."

"ராத்திரிபூரா அதேதான் காதுல."

டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் குடித்தோம். அணைக்கு இன்னும் கொஞ்சதூரம்தான், ஆனால் வண்டிகளைத் திருப்பினோம். மீன் இந்தத் தடவை இல்லை.

பகல் 12.00. முதலிபாளையத்தில் விளக்குப் பெட்டிக்குள் மடிப்பின் உள்பக்கத்தை வைத்தேன். அச்சாகச் சேர்ந்தது. அலுவலகத்தில் மேலாளரை ஞாயிறு என்றும் பார்க்காமல் போனில் பிடித்து, வெளுத்தது என் பாதிதான் என்று சொன்னேன், போட்டோவும் அனுப்பினேன். அதையும் சேர்த்து எழுதி, போகலாம் என்று கையெழுத்துப் போட்டேன். பிறகு லேபிள் வெட்ட வந்திருந்த எல்லார் முன்னாலும், தப்பு என்னுடையது, உங்கள் முதலாளி வைத்திருந்தது உண்மையான துண்டு என்று உரக்கச் சொன்னேன். ஒரு பீகார் பையன் பக்கத்தில் இருந்தவனுக்கு அதை இந்தியில் சொன்னான். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சரோஜாக்கா டீத்தட்டோடு கதவருகே தயங்கி நின்றார்.

"கொண்டாங்க்கா" என்றான் ஜாபர். "நாலு டம்ளர் குடுத்தாலும் இன்னிக்குக் குடிப்பான்."

மூன்று குடித்தேன்.

திங்கள், காலை 5.00. லாட்ஜ் வாசலில் ஜாபர் நின்றான். என் டேங்க் பையை முந்தின நாள் மாலை கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தான். கண்ணாடி உறையின் மேல் பனியன் கழுத்துக்கு வைக்கும் கறுப்பு ரிப் துணியில் ஒரு மூடி, சரோஜாக்காவின் தையல். அளவு கச்சிதம்.

"மேப் பாக்கோணும்னா தூக்கிப் பாத்துக்க. தொறந்துபோட்டு ஓட்டுன, அப்பறம் இருக்குது" என்றான். கட்டிப் பிடிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினான்.

அவன் கன்டெய்னர் அன்று மதியம் கிளம்பும். நான் வந்த வழியே திரும்பினேன். வரும்போது மினுக்கிக்கொண்டு வந்த பச்சை இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. டேங்க் மேல் வெறும் கறுப்பு. சென்னையில் எனக்கு நல்ல வீடு, நல்ல வேலை, வார இறுதியில் சேர்ந்து ஓட்ட ஒரு குழு கூட உண்டு. எல்லாருடைய வண்டியும் என் வண்டியைவிடப் பெரியது. யாரும் பின்னால் உட்கார்ந்து பாடியதில்லை.

சங்ககிரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உறைக்குள் என்னுடைய வெளுத்த துண்டு இருந்தது. அதன் மேல், பீரோ வாசம் இன்னும் போகாமல், ஜாபரின் பாதியும் இருந்தது.

போன் செய்தேன். "இத எதுக்குடா எங்கிட்டக் குடுத்த? நாளைக்கு ஏதாவது சண்டை வந்தா உங்கிட்ட என்ன இருக்கு?"

"நீதான் பாக்க வருவ மாப்ள" என்றான். "மூடிய மூடிட்டு ஓட்டு."